சிவப்பைக் கண்டு ஏன் மிரளுகிறாய்?

இரவெல்லாம் ஓடிய டெஸ்ட். காலையில் ரிப்போர்ட்டைத் திறக்கிறாய். மேலிருந்து கீழ்வரை சிவப்பு!

‘ஆப்ஜெக்ட் கிடைக்கவில்லை’ என்கிறது டூல். உன் கை எங்கே போகிறது? ரீரன் பட்டனுக்கு!

மறுபடி ஓட்டினால் கிடைத்துவிடுமா? ‘சமர்ப்பி’ என்றிருந்த பட்டனை டெவலப்பர் ‘அனுப்பு’ என்று மாற்றிவிட்டார். நூறு தடவை ஓட்டு. நூறு தடவையும் சிவப்புதான் வரும்!

“டூல் சரியில்லை.” “டெவலப்பர் சொல்லாமலே மாற்றிவிட்டார்.” “நான் மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து வந்தவன், எனக்குக் கோடிங் வராது.”

போதும், நிறுத்து!

திரையில் நீ பார்க்கிற பட்டனை டூல் பார்ப்பதில்லை. சில பண்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அது தேடுகிறது. எந்தப் பண்புகள்? அதைச் சொல்ல வேண்டியவன் நீ! சொன்னாயா? டூலோடு வந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பழியை மட்டும் அதன்மேல் போடுகிறாயே, நியாயமா?

யூஎஃப்டி என்ற டூலை வைத்திருக்கிறாயா? டூல்ஸ் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபிகேஷன்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவையாவது திறந்திருக்கிறாயா?

இந்த டூலை மெர்க்குரி கம்பெனி ‘குவிக்டெஸ்ட்’ என்று விற்ற காலத்திலேயே அந்த ஜன்னல் இருந்தது. 2006-ல் ஹெச்பி மெர்க்குரியை வாங்கியது. 2017-ல் மைக்ரோ ஃபோக்கஸுக்குப் போனது. 2023-ல் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்கு வந்தது. முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஜன்னல் அங்கேயேதான் இருந்தது. நீதான் திறக்கவில்லை!

திற! பட்டன், லிங்க், எடிட் பெட்டி என்று வகைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கட்டாயப் பண்புகள், துணைப் பண்புகள்.

கட்டாயப் பண்புகளை டூல் மொத்தமாகப் பதிந்துகொள்ளும். அவை ஒரே பொருளைச் சுட்டவில்லையா? துணைப் பண்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். பொருள் தனித்து நின்றதும் நிறுத்திக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் கடைசியாக ஒரு வரிசை எண்.

அவ்வளவுதான்! இதில் கோடிங் எங்கே இருக்கிறது? டிக் போடவும் எடுக்கவும் பட்டம் வேண்டுமா?

வேண்டியது ஒன்றே ஒன்று. உன் அப்ளிகேஷனில் எது மாறும், எது மாறாது என்கிற அறிவு. அது உன்னைவிட யாருக்கு அதிகம்? அதே ஸ்கிரீனைக் கையால் தட்டித் தட்டித் தேய்த்தவன் நீ! மேனுவலிலிருந்து வந்ததைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அதுதானே உன் முதல்!

உன் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதினார்களே, எதை எழுதினார்கள்? மச்சத்தையா, அன்றைக்கு நீ போட்டிருந்த சட்டையையா?

பட்டனின்மேல் உள்ள எழுத்து, சட்டை. மொழியை மாற்றினாலே மாறிவிடும். பக்கம் திறக்கும்போதெல்லாம் புது எண் ஒட்டிக்கொண்டு வரும் ஐடியும் சட்டைதான். அதைக் கட்டாயப் பட்டியலில் வைத்துவிட்டு அழுதால் எப்படி? எடுத்துவிடு! ஐடியில் பாதி நிலையானது, பாதிதான் மாறுகிறதா? மாறும் பாதிக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போடு!

ஒன்றை மறக்காதே. அமைப்பை மாற்றியதும் ரெபாசிட்டரியில் கிடக்கும் பழைய ஆப்ஜெக்ட்கள் தாமாகத் திருந்திவிடாது. இனிமேல் பதிகிறவற்றுக்குத்தான் புது விதி. பழையவற்றை நீதான் மறுபடி பதிய வேண்டும். அலுப்பான வேலையா? ஆமாம். உட்கார்ந்து செய்!

அதற்குச் சோம்பல்பட்டு வரிசை எண்ணிடம் ஓடுகிறாயா? “பக்கத்தில் மூன்றாவது பட்டன்” என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாயா?

மேலே புதிதாக ஒரு பட்டன் வந்தால் என்ன ஆகும்? உன் மூன்றாவது நான்காவதாகும். டெஸ்ட் வேறொரு பட்டனை அழுத்தும். அழுத்திவிட்டுப் பச்சை காட்டினாலும் காட்டும்! அந்தப் பச்சைக்குத்தான் நீ பயப்பட வேண்டும். சிவப்பு உன்னை எழுப்புகிறது. பச்சை உன்னைத் தாலாட்டுகிறது.

(யூஎஃப்டியில் இந்த எண் 0-ல் தொடங்கும், எக்ஸ்பாத்தில் 1-ல். இரண்டையும் புழங்குகிறவன் இங்கே இடறுவது சகஜம்.)

‘ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷன்’ இருக்கிறதே என்கிறாயா? அது என்ன செய்கிறது தெரியுமா? பதிந்த அடையாளம் பொருந்தாவிட்டால் அதை ஓரம்கட்டிவிடும். அடிப்படைப் பண்புகள் சிலவற்றை வைத்துக் கூட்டத்தைத் திரட்டும். பிறகு ஒவ்வொரு பண்பாகச் சேர்த்துச் சலிக்கும். ஒன்று மிஞ்சினால் அதையே பிடித்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் ஓர் எச்சரிக்கை மட்டும் விழும்.

அந்த எச்சரிக்கையை என்றைக்காவது படித்தாயா? படிக்க மாட்டாய் என்றால் ரன் செட்டிங்ஸில் ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷனையே அணைத்துவிடு. டெஸ்ட்டை எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் அணைத்தே வை என்பேன் நான். தோற்க வேண்டிய இடத்தில் டெஸ்ட் தோற்கட்டும்! தோல்வியை மூடி மறைக்கிற வசதி உனக்கு எதற்கு?

ஸ்லீப் போட்டுப் பத்து விநாடி தூங்க வைக்கிறாயே, அதுவும் மூடி மறைப்புதான். யூஎஃப்டி எதையும் சொல்லாமலே 20 விநாடி வரை காத்துத் தேடும். செலினியம் என்ற டூலில் அந்த மறைமுகக் காத்திருப்பு நீ வைக்காதவரை 0. தெரியாமல் எத்தனை ஸ்லீப் தூவியிருக்கிறாய்?

செலினியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2004-ல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் கம்பெனியில், ஜேசன் ஹக்கின்ஸ் ஓர் உள் அலுவலக அப்ளிகேஷனைத் திரும்பத் திரும்பக் கையால் சோதித்து அலுத்துப்போனார். உனக்கு வருகிற அதே அலுப்பு! அவர் உட்கார்ந்து ஒரு டூலையே எழுதினார். உன்னை டூல் எழுதச் சொல்லவில்லையே! லொகேட்டரை ஒழுங்காக எழுதத்தானே சொல்கிறேன்?

செலினியத்தில் டிக் போடும் ஜன்னல் கிடையாது. ஐடி, நேம், சிஎஸ்எஸ், எக்ஸ்பாத் என்று பொருளைச் சுட்ட எட்டு வழிகள். எட்டில் நீ எதை எடுக்கிறாய்? பிரௌசரில் ரைட் கிளிக் செய்து, வேரிலிருந்து டிவ், டிவ், டிவ் என்று நீளும் எக்ஸ்பாத்தைக் காப்பி அடிக்கிறாய்! நடுவில் ஒரு டிவ் நுழைந்தாலே செத்துப்போகும் சங்கிலி அது. தெரிந்தேதானே ஒட்டுகிறாய்?

“பக்கத்தில் நல்ல ஐடியே இல்லை. நான் என்ன செய்ய?”

கேள்! டெவலப்பரிடம் போய்க் கேள்! ‘டேட்டா-டெஸ்ட்ஐடி’ என்று ஒரு பண்பைச் சேர்ப்பது அவருக்கு ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியைக் கேட்கக் கூசி இத்தனை மாதம் சிவப்போடு மல்லுக்கட்டினாய். எதற்குப் பயம்? ஏளனமாகப் பார்ப்பார் என்றா? பார்க்கட்டுமே! முடியாது என்பார் என்றா? காரணம் கேள், நாளை மறுபடி போ!

அடுத்த ஸ்பிரின்ட் பிளானிங்கில் வாய் திறக்காமல் மூலையில் உட்காராதே. உடைந்த டெஸ்ட்களிலிருந்து கன்ட்ரோல்களின் பட்டியலை இன்றே எடு. எந்த ஸ்கிரீன், எந்தப் பட்டன், எத்தனை தடவை உடைந்தது, எல்லாவற்றையும் எழுது. மேஜையில் வை. “இவற்றுக்கு மாறாத ஐடி வேண்டும், இந்த ஸ்பிரின்ட்டிலேயே வேண்டும்” என்று சொல்!