குடியை விட்டவரின் பழங்கடன்

குடியை விட்ட ஒருவர், குடித்த காலத்தில் வாங்கிய கடனை எந்த அளவுக்கு, எந்த வரிசையில், எவ்வளவு காலத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர் என்னும் கேள்வி வட்டிக் கணக்கைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், வினை, பொறுப்பு, விடுதலை ஆகியவை பற்றிச் சமயங்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வியின் ஒரு வடிவமே ஆகும். இதற்கு ஊரில் கிடைக்கும் விடைகள் இரண்டு. குடித்தவன் வேறு, இன்று தெளிந்து நிற்பவன் வேறு, ஆகவே பழைய கடன் அந்தப் பழைய ஆளோடு போகட்டும் என்பது ஒன்று. வாங்கியதை, கேட்ட வட்டியோடு, வீட்டை விற்றாவது உடனே கொடுத்துவிட்ட பிறகுதான் ஒருவன் தன்னைத் திருந்தியவன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முன்னது கடன் கொடுத்தவருக்கு அநீதி இழைக்கிறது; பின்னது, நேர்மையின் உச்சம்போல் தெரிந்தாலும், மீண்டவரை மறுபடியும் கடைவாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தக்கூடியது. தமிழ் மண்ணில் வேரூன்றிய சமய மரபுகளோ இவ்விரண்டையும் ஏற்காமல், கடனுக்கு அளவும் கடனாளிக்கு அவகாசமும் உண்டு என்னும் நிலையில் நிற்கின்றன.

எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் இக்கேள்வி தனிக் கூர்மை பெறுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம் இது. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்த உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் தை, மாசியில் வீடு வந்து சேரும் வரை, சம்சாரி என்று இங்கே அழைக்கப்படும் உழவரின் கையில் பணம் தங்குவது அரிது. ஆகவே விதைப்புக்கு வாங்கி வெள்ளாமைக்குக் கொடுப்பது என்னும் நீண்ட மூச்சுள்ள கடன்முறை இம்மண்ணின் காலக்கணக்கோடு ஒத்திருந்தது. கடன்பட்டவர், நொடித்தவர் எல்லாரையும் ஒழுக்கம் கெட்டவராகக் கருதுவதற்கும் இங்கே இடமில்லை. எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கி, அது நொடித்துப்போக, வறுமையோடு 1898இல் மறைந்த சின்னசாமி ஐயர், அதாவது பாரதியாரின் தந்தை, காலத்துக்கு முந்திய பெருமுயற்சி ஒன்றில் தோற்றவரே அன்றி வேறல்லர்.

இன்று தீப்பெட்டி ஆலையின் வாரக்கூலியையும் கட்டட வேலையின் நாள்கூலியையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு எளிதில் கிடைக்கும் கடனோ வேறு இயல்புடையது. தண்டல் என்பது, எடுத்துக்காட்டாக, கையில் 8,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாட்கள் வசூலிக்கும் முறையாகும். பிடித்துக்கொண்ட 1,500 ரூபாய் சிறுதொகையாகத் தோன்றினாலும், நிலுவை நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 120 விழுக்காட்டு வட்டியாகிறது. மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் என்னும் பத்து வட்டியும் இதே அளவுதான். தவணை தவறினால் நேரத்தைக் கணக்கிட்டு ஏறிக்கொண்டே போவது மீட்டர் வட்டி. கைப்பேசிச் செயலி வழியே சில நாள் கெடுவில் கிடைக்கும் கடனும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. இவற்றுக்குப் பருவம் கிடையாது; மழை பெய்தாலும் பொய்த்தாலும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளை காலை வசூல்காரர் வாசலில் நிற்பார்.

குடிநோய், அதாவது விட வேண்டும் என்று விரும்பியும் விட முடியாதபடி உடலும் மனமும் மதுவுக்குக் கட்டுண்டு போகும் நிலை, இத்தகைய கடனோடு ஆழ்ந்த உறவுடையது. இரண்டும் இன்றைய நடுக்கத்தை ஆற்றுவதற்கு நாளைய நாளை அடகு வைப்பவை. எனவேதான் குடியை நிறுத்திய பிறகும், ஓரிடத்துத் தவணைக்கு இன்னோரிடத்தில் புரட்டும் பழக்கம் உடனே நிற்பதில்லை. அதில் உள்ள அவசரம், வீட்டாருக்குத் தெரியாத மறைப்பு, பணம் கைமாறிய கணத்தில் கிடைக்கும் நிம்மதி, மறுவாரம் அதே நெருக்கடி இன்னும் பெரிதாகத் திரும்புவது ஆகிய எல்லாம் குடியின் நடையையே ஒத்தவை. பழங்கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவதை நாணயம் என்று மதிப்பது பெரும் பிழை. அது பெரும்பாலும் நோயின் எச்சமே.

குடித்திருந்தபோது செய்ததற்குத் தெளிந்தவர் பொறுப்பாவாரா என்பதில் பழைய சிந்தனையாளர்கள் தளர்வு காட்டவில்லை. குடிபோதையில் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை விதித்த கிரேக்கச் சட்டத்தை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டி, குடிக்காமல் இருப்பது அவனால் இயன்றதே என்று அதற்குக் காரணமும் காட்டுகிறார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமோ, உடன்பாட்டின் நிபந்தனைகளையே விளங்கிக்கொள்ள இயலாத அளவு குடித்திருப்பவர், அந்தப் போதை நீடிக்கும் வரை ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. ஆயினும் குடிநோயாளி வாங்கும் கடன்களில் பெரும்பாலானவை காலையில், போதை தெளிந்த நேரத்தில், மாலையை எண்ணி வாங்கப்படுபவை என்பதால், இந்த விலக்கு அவருக்கு உதவுவது அரிது. கையில் வாங்கிய அசல் அவர் வாங்கியதுதான். அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் எந்த மரபுக்கும் ஐயம் இல்லை.

ஐயம் எழுவது, அந்தப் பொறுப்பு எதுவரை நீளும், யார் மீது படரும் என்பதில்தான். மனுதர்ம நூலின் எட்டாம் அத்தியாயம், ஒரே தடவையில் வசூலிக்கப்படும் வட்டி அசலின் அளவை மிஞ்சக்கூடாது என்று வரம்பு கட்டுவதோடு, தந்தை சூதுக்கும் மதுவுக்கும் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டியதில்லை என்றும் விலக்கு அளிக்கிறது. வருணத்துக்கு ஏற்ப வட்டி விகிதத்தை ஏற்றியும் இறக்கியும் சொல்லும் அநீதியும் அதே அத்தியாயத்தில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை; ஆனால் சமூகப் படிநிலையில் அவ்வளவு கடுமையான நூலுங்கூட, குடியின் கடன் பிள்ளையின் தலையில் ஏறுவதை ஒப்பவில்லை என்பது எண்ணத்தக்கது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்னும் பழைய கோட்பாட்டின் பேரில் மகன்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையை, 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன் பின் ஏற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை, நீக்கிவிட்டது. நடப்பிலோ, சுமை மகனுக்கும் முன்பாக மனைவியின் மேல் விழுகிறது: கணவரின் தண்டலை அடைக்க மகளிர் குழுவில் அவர் வாங்கும் கடனுக்கு, குழுவின் மற்றப் பெண்களும் பிணையாகிறார்கள்.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தத்தின் வினைக் கோட்பாடு பெரிதும் துணைசெய்கிறது. வினையை அது மூன்றாகப் பகுக்கிறது: முன்பே சேர்ந்து கிடக்கும் தொகுதி சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்து சேர்ந்த பகுதி பிராரத்தம், அதை நுகரும்போதே புதிதாக ஏறிக்கொள்வது ஆகாமியம். பிராரத்தம் உடல் உள்ளவரை நுகர்ந்துதான் கழியும் என்றும், ஞானம் பெற்றவர் கருத்தூன்றித் தடுக்க வேண்டியது ஆகாமியம் ஏறுவதையே என்றும் அம்மரபு சொல்கிறது. இது பணக்கடனைப் பற்றிய கோட்பாடு அன்று. ஆயினும் இதன் தருக்கம் குடியை விட்டவரின் நிலைக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. பழைய தொகுதி ஒரே நாளில் கரையாது என்பதை ஒப்புக்கொள்ளுதல், இன்று தீர்க்க இயல்வதை இன்றைய உழைப்பால் தீர்த்தல், புதிதாக ஒன்றும் ஏறாமல் காத்தல் என்னும் மூன்றில், கடைசியானதே முதலில் நிற்க வேண்டியது. புதுக்கடன் வாங்காமல் கழியும் ஒவ்வொரு வாரமும், நிலுவை குறையாவிட்டாலும், விடுதலையின் பக்கம் வைத்த அடியாகும்.

சித்தாந்தம் இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்கிறது. ஞானம் பெற்ற பிறகும் பழைய மலத்தின், அதாவது உயிரைப் பற்றியிருந்த அழுக்கின், சாயல் உயிரில் தங்கியிருக்கும் என்றும், பெருங்காயம் இருந்த பாத்திரத்தில் பெருங்காயத்தை எடுத்துவிட்ட பின்னும் நெடி நிற்பதைப்போல அது நிற்கும் என்றும் கூறி, அதற்கு வாசனாமலம் என்று பெயரிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாவது, அதாவது இறுதி நூற்பா, விடுதலை நெருங்கியவருக்கே அடியார் கூட்டத்தோடு கலந்திருக்குமாறு நெறி வகுக்கிறது. தனித்திருக்கும் உயிரில் வாசனை தலைதூக்கும் என்ற அறிவு அதில் பொதிந்துள்ளது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கி, இன்று தமிழிலும் கூட்டங்கள் நடத்தும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் கண்டுகொண்டதும் இதனோடு ஒத்ததே. அதன் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தம்மால் துன்பப்பட்டவர்களின் பட்டியலை எழுதச் சொல்கிறது. ஒன்பதாவது, அவர்களுக்கு ஈடுசெய்யச் சொல்கிறது, ஆனால் அந்த ஈடு பிறருக்குத் தீங்காகும் இடத்தில் விலக்கும் அளிக்கிறது. ஈடுசெய்தல் முதற்படியாக வைக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தெளிவு நிலைபெற்ற பிறகே அதற்கு முறை வருகிறது.

எட்டயபுரத்திலேயே அடங்கியுள்ள உமறுப் புலவர், சீறாப்புராணத்தில் எவருடைய வாழ்வைப் பாடினாரோ அந்த நபிகள் நாயகத்தின் நெறி, இதே கேள்வியை ஊரார் பக்கம் திருப்புகிறது. திருக்குர்ஆன் வட்டியை விலக்குவதோடு, இரண்டாம் அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தில், நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு பணித்து, விட்டுக்கொடுப்பது அதனினும் மேலானது என்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம், கட்டாயக் கொடையாகிய ஜகாத்தைப் பெறத்தக்க எட்டு வகையாருள் கடனில் மூழ்கியோரையும் சேர்க்கிறது. பாவமான செயலுக்காகக் கடன்பட்டவருக்கும் இதில் பங்கு உண்டா என்று சட்ட அறிஞர்கள் விவாதித்தபோது, தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ நெறியில், அவர் தவ்பா செய்திருந்தால், அதாவது மனம் வருந்தி அச்செயலிலிருந்து மீண்டிருந்தால், கொடுக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது. மீட்சி கடனை அழிப்பதில்லை. ஆனால் அந்தக் கடனைத் தீர்ப்பதில் சமூகம் கைகொடுக்க வேண்டியவராக அவரை ஆக்குகிறது. இதைவிட மனிதத்தன்மையுள்ள தீர்வு வேறொரு மரபில் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

கடனைத் தீர்ப்பதன் பேரில் தமிழ்க் கிராமங்களின் மனத்தில் ஆழப் பதிந்த உருவம் அரிச்சந்திரன். சொன்ன சொல்லுக்காக மனைவியையும் மகனையும் விற்ற அவனது கதை, கடனாளி மானத்தோடு வாழ ஒரே வழி எல்லாவற்றையும் இழப்பதுதான் என்னும் பாடமாகப் பல வீடுகளில் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆனால் அக்கதையில் கடன் கேட்டவர் சோதிக்க வந்த முனிவர். இழந்த அனைத்தும் முடிவில் திரும்பின. மீட்டர் வட்டிக்குக் கொடுத்தவரிடம் அந்த முடிவை எதிர்பார்த்து ஒரு குடும்பத்தைப் பலியிடுவது சத்தியம் ஆகாது. குடியை விட்டவருக்கு இன்னும் பொருத்தமான முன்னோடி மணிமேகலைக் காப்பியத்தின் சாதுவன். கணிகை வீட்டில் சூதாடிப் பொருளையெல்லாம் தோற்றவன், மனைவி ஆதிரையை நீங்கியவன், கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கியபோது, நாகர் தலைவன் கொடுத்த கள்ளையும் பெண்ணையும் மறுக்கிறான். அந்த மறுப்பின் காரணத்தை விளக்கி, தலைவனுக்கே அறம் உரைக்கிறான். தோற்ற பொருளைத் திருப்பிய பிறகே அவனுக்கு அறம் பேசும் தகுதி வந்தது என்று காப்பியம் சொல்லவில்லை. கள்ளை மறுத்த இடத்திலேயே அவன் மீண்டுவிட்டான், பொருளும் ஊர் திரும்புதலும் அதன் பின் வந்தன. கள்ளுண்ணாமையையும் சூதையும் திருக்குறள் அறத்துப்பாலில் வைக்காமல், பொருட்பாலில் 93, 94ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்திருப்பதும், மருந்து என்னும் அதிகாரம் உடனே அவற்றைத் தொடர்வதும், இந்நோயைப் பொருள் அழிவோடும் உடல்நலத்தோடும் இணைத்துப் பார்க்க இடம் தருகின்றன.

அளவும் அவகாசமும் வேண்டும் என்னும் கொள்கைக்குத் தமிழ்நாட்டில் சட்டத்தின் துணையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் என்று மக்கள் வழங்கும் பெயர்களையே சொல்லி, அரசு நிர்ணயித்ததற்கு மேற்பட்ட வட்டியைக் குற்றமாக்கி, மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. கடனாளி தாம் தர வேண்டியதை, நிர்ணயித்த வட்டியோடு நீதிமன்றத்தில் செலுத்திக் கணக்குத் தீர்க்குமாறு கேட்கவும் அது வழி செய்கிறது. அசலுக்கும் முறையான வட்டிக்கும் பொறுப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை என்பதே இதன் பொருள். அச்சட்டம் இருந்தும், 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் பெற்றோரும் இரு பெண் குழந்தைகளும் தீக்கு இரையானார்கள். அவர்களுடைய கடனுக்கும் குடிக்கும் தொடர்பில்லை. ஆனால் அவகாசம் மறுக்கப்பட்ட கடன் எங்கே போய் முடியும் என்பதை அத்துயரம் காட்டியது.

வரிசை பற்றிய கேள்வியில் வழக்கமாக நடப்பதற்கு நேர்மாறானதே நீதி. உரக்கச் சத்தம் போடுபவருக்கு முதலில் பணம் போகிறது. வட்டி கேளாமல் கைமாற்றாகக் கொடுத்த பக்கத்து வீட்டாரும், காதுத்தோட்டைக் கழற்றித் தந்த மனைவியும், பள்ளிக் கட்டணம் தவறிய பிள்ளையும் வாய் திறவாததால் கடைசியில் நிற்கிறார்கள். குடியின் காலம் முழுதும் அன்பின் பேரில் ஏமாந்தவர்கள் இவர்களே ஆதலால், வீட்டுச் சோறும் மருத்துவமும் போக மிஞ்சுவதில் முதல் பங்கு இவர்களுடையது. கந்துவட்டிக்குக் கொடுத்தவரின் அசல் அதன் பின், இயன்ற தவணைகளில் வரலாம். மருத்துவத்தை இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உயிராபத்தும் நேரலாம் என்பதால், நிறுத்துவது மருத்துவர் துணையோடு நடக்க வேண்டும். கடன் நெருக்கடியில் உயிரை விடும் எண்ணம் தலைகாட்டுமானால், 14416 என்னும் கட்டணமற்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தென்மாவட்டங்களில் குடியை விட நேர்ந்துகொண்டு கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போட்டு விரத நாட்கள் முழுதும் மதுவைத் தொடாதிருப்பதும் பரவலான வழக்கம். அந்நாட்களில் குடிநோயாளி தம்மால் இயலும் என்பதைக் கண்டுகொள்கிறார். ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாள், விரத காலத்தில் ஏறிய வட்டியும் அவருக்காகக் காத்திருக்கிறது. கயிறு கட்டும் பூசாரியும், தவ்பாவுக்கு வழிகாட்டும் ஜமாஅத்தும், தேவாலயத்தின் பங்குக் குழுவும், குடியை விடுவதற்கான வாக்குறுதியைப் பெறும் அதே வேளையில் அவருடைய கடன் பட்டியலையும் கேட்டு எழுதி, கடன் கொடுத்தவர்களை அழைத்துப் பேசி, விரத காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் வட்டியில்லாத கெடு வாங்கித் தருவார்களானால், அதற்குப் பெரும் பணம் தேவைப்படாது. ஊரில் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சொல்வாக்கு போதும்.