நம் மாணவன்

பழைய மாணவன் ஒருவன் உயர் பதவி அடைந்த செய்தி வந்ததும், “இவன் நம் மாணவன்” என்று ஆசிரியர்களாகிய நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். அப்பெருமிதம் இயல்பானதே. எனினும், நாம் போற்றுவது அவனையா, அவன் பெற்ற பதவியையா?

வேலூர் ஊரீஸ் கல்லூரியில் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்து மறைப்பணியாளரிடம் மெய்யியல் கற்றார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்பது அந்நாளைய மறைப்பணியாளர் பலரின் வாதம். அதை மறுத்தே மாணவர் தம் முதுகலை ஆய்வுரையை எழுதினார். 1908-இல் அது நூலாயிற்று. ஆசிரியர் ஹாக் அதன் தெளிவையும் வாதத்திறனையும் மனமாரப் பாராட்டிச் சான்றளித்தார். மாணவர் குடியரசுத் தலைவரானதோ அரை நூற்றாண்டுக்குப் பின், 1962-இல். பதவி கண்டு பிறந்த பாராட்டன்று அது. உண்மையை நாடிய உழைப்பைக் கண்டு பிறந்தது.

வெற்றி பெற்றவனை நம்மவன் என்பதற்குப் பெரிய மனம் வேண்டியதில்லை. நம் கருத்தை அறிவோடு மறுப்பவனையும், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் நேர்மையாய் உழைத்து வீடு திரும்புபவனையும் அதே குரலில் “நம் மாணவன்” என்று சொல்கிறோமா? அப்போதுதான் நம் பெருமிதம் அன்பாகும். இல்லையேல், பிறர் விளைச்சலில் பங்கு கேட்பதே ஆகும்.