நகர் காண்டல்

பெருநகருக்குச் செல்வோர் அங்கே விரும்பிச் செய்வன யாவை என்று வினவினால், நம் தங்கவயல் மக்கள் தயக்கமின்றி விடை கூறுவர். லால்பாக்கில் மலர்க் கண்காட்சி; கே.ஆர். மார்க்கெட்டில் முழம் போடாத உதிரிப்பூ. சிக்பேட்டையில் கல்யாணப் பட்டு. மெஜஸ்டிக் பக்கம் ஒரு படம். மாலையில் மசால் தோசை. பின்னர் மாரிக்குப்பம் வண்டியைப் பிடிக்க ஓட்டம். எம் பாட்டனார் காலத்தவர்க்கோ பெருநகர் என்றால் பெங்களூர் அன்று, சென்னைப் பட்டணமே. வடார்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த அம்மக்கள், ஊர்த் திருவிழாவுக்குப் போனால் பயணத்தை அப்படியே பட்டணம் வரை நீட்டி, 'செத்த காலேஜ்', 'உயிர் காலேஜ்' இரண்டையும் கண்டு திரும்பி, ஓராண்டுக்கு அந்தக் கதையையே பேசிக்கொண்டிருப்பார்களாம். அருங்காட்சியகத்துக்கும் விலங்குக் காட்சிச்சாலைக்கும் பட்டணத்து மக்கள் இட்ட பெயர்கள் அவை. கல்லூரிப் படியேறாதவர்கள் இரண்டு காலேஜைப் பார்த்துவிட்டதாகப் பெருமை பேசியதில் பிழையொன்றும் இல்லை.

இவையெல்லாம் இன்பமாயிற்றே, இதில் அறம் பற்றிய வினா எங்கிருந்து வந்தது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

நம் ஊரும் ஒரு காலத்தில் பிறர் வியந்து காணும் ஊராக இருந்தது என்பதை இளையோர் அறிதல் வேண்டும். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டபோது, அது வந்து சேர்ந்த இடம் தங்கவயல். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். நம் பாட்டன்மார் பெங்களூரின் விளக்கைக் காணப் போனதில்லை. பெங்களூர்க்காரர்தாம் இங்கு வந்து வாய் பிளந்திருப்பர். ஆயினும் அம்மின்சாரம் சுரங்க எந்திரங்களுக்காக வந்ததேயன்றி, லைன் வீட்டு மக்களுக்காக வந்ததன்று என்பதையும் உடன் சொல்லிவிடுதல் நேர்மை.

எம் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்; பாறையின் வெப்பமே 60 பாகையைத் தாண்டும். அவர் ஆண்டுக்கு ஒருமுறை எம்மைப் பெங்களூருக்கு அழைத்துச் செல்வார். கண்ணாடி மாளிகையையும் மலர்களையும் அன்னையார் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நேரே லால்பாக்கின் நடுவிலுள்ள பெரும்பாறைக்குப் போய்விடுவார். உச்சியில் கெம்பெகவுடா கோபுரம் நிற்கும் அப்பாறை ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுப் பழமை உடையது என்பதை யாம் பின்னாளில் படித்தறிந்தோம். தந்தையார் அதைப் படித்தவரல்லர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் அமர்ந்து, உள்ளங்கையால் இரண்டுமுறை தட்டிப் பார்ப்பார். "நல்ல கல்லுடா. மேலயே உட்கார்ந்துக்கலாம்" என்பார். அவ்வளவுதான். நகரத்தில் அவர் விரும்பிச் செய்த செயல் அது ஒன்றே. சிறுவனாகிய எமக்கு அது சலிப்பைத் தந்தது. ஐஸ்கிரீம் வாங்கித் தராமல் கல்லின்மேல் உட்காருவது என்ன நகர்க்காட்சி!

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நடந்தவற்றை இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் கூட்டம் சேர்த்துக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் சேரும் வண்டியில் நம்மில் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் போய்வருகிறோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்த யாமும் அவ்வண்டிக்காரர்களுள் ஒருவரானோம். நாள்தோறும் போகும் ஊரை யார் காண்பார்? பெங்களூர் என்பது எமக்கு ஒரு நடைமேடை, ஒரு பேருந்து, ஒரு மேசை, மீண்டும் ஒரு நடைமேடை என்று ஆயிற்று. 1991-இலிருந்து பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-இல் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டதே, அதைக் காண அடுத்த ஞாயிறு சென்றது ஒன்றுதான் எம் விதிவிலக்கு. மற்றபடி பிள்ளைகள் "ஒருநாள் பெங்களூர் கூட்டிட்டுப் போப்பா" என்று கேட்டபோதெல்லாம், "நான் தினமும் போகிறேனே" என்று விடை கூறி வந்தோம். அது விடையாகாது என்று குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது.

2017 டிசம்பரில் ஒருவாறு இணங்கினோம். பிள்ளைகள் கேட்டது லால்பாக் அன்று. மால் எனப்படும் வணிக வளாகம். வாயிலில் பைகளைச் சோதிக்கும் காவலாளியின் முன் வரிசையில் நின்றோம். நீலச் சீருடை, சற்றுப் பெரிய தொப்பி. எம் முறை வந்தபோதுதான் முகத்தைக் கண்டோம். எம் தந்தையாரோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர். எம் லைனிலேயே குடியிருப்பவர். யாம் மாமா என்றழைத்து வளர்ந்தவர். அவர் எம் மனைவியின் பையைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடித் தந்தார். எம்மைப் பார்க்கவில்லை. யாமும் பார்க்கவில்லை. உள்ளே பத்தடி நடந்தபின் இளைய மகள், "அப்பா, அது நம்ம லைன் தாத்தாதானே?" என்றாள். "இல்லம்மா" என்றோம்.

பொய் சொல்லியதற்குக் காரணம் தேடுவது படித்தவனுக்கு எளிது. பணியிலிருப்பவரைப் பேச்சுக்கு இழுத்தால் மேலாளர் கடிந்துகொள்வார் என்று ஒரு காரணம். அவருக்கு நாணம் தரலாகாது என்று மற்றொரு காரணம். இரண்டாவது காரணம் நாகரிகம்போலத் தோன்றுவதால் அதனை இன்னும் சற்று உரசிப் பார்த்தோம். நேர்மையான வேலை செய்பவருக்கு அதில் என்ன நாணம்? அன்று நாணியவர் யார்? பெங்களூரில் செலவு செய்ய வந்த குடும்பத் தலைவனாக ஒருநாள் நடிக்க விரும்பிய யாமே நாணினோம். அவரை அறிந்ததாகக் காட்டினால், யாமும் அந்த வண்டியில் வந்தவர்கள் என்பது தெரிந்துவிடும் அல்லவா?

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்று ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கோவலன் மதுரை மாநகரைக் காணப் புகுகிறான். மணிக்கடை, பொன்கடை, துணிக்கடை, கூலக்கடை என்று வீதி வீதியாகக் கண்டு மகிழ்கிறான். நால்வகைப் பொன்னையும் அடிகள் அவ்விடத்தே வகைப்படுத்துவது தங்கவயலில் பிறந்தோர்க்குத் தனிச்சுவை. அடிகள் அதற்கு ஒரு முழுக் காதையை ஒதுக்கியது வீணன்று என்பது எம் கருத்து. நகரைக் கோவலன் வீதி விடாமல் கண்டான். மறுமுறை அவன் சிலம்போடு வந்தபோது நகர் அவனைக் காணவில்லை. ஒரு பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு அவன் முகம் நோக்காமலே முடிவு செய்துவிட்டது. இக்காவியத்தை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். அந்த வாயிலில் அது நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு திரும்பும் வண்டியில் ஒயிட்ஃபீல்டு தாண்டியபின் அவரே எம் எதிர் இருக்கையில் வந்து அமர்ந்தார். சீருடை பைக்குள் போயிருந்தது. "என்ன தம்பி, பிள்ளைங்களுக்கு எல்லாம் காட்டினியா?" என்றார். எமக்கு நா எழவில்லை. மகள்தான் பேசினாள், நகரும் படிக்கட்டில் நான்கு மாடி ஏறியதை ஒவ்வொரு மாடியாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். ஆறாண்டுகளாக அவ்வாயிலில் நிற்கிறாராம்; மேல்மாடி எதையும் பார்த்ததில்லையாம். "நமக்கு இறங்கித்தான் பழக்கம்" என்று சிரித்தார். அது எம்மைக் குத்துவதற்காகச் சொன்னதன்று. அதனாலேயே கூடுதலாகக் குத்தியது.

மறு ஆண்டு டிசம்பரில் நம் ஊரின் சுருக்கப்பெயரையே தலைப்பாகக் கொண்ட கன்னடத் திரைப்படம் வெளிவந்தது. அதன்பின் நம் ஊரையும் காண வருகிறார்கள். இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, சயனைடு மேடுகளின்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த மண் காற்றில் பறந்து நம் வீட்டுச் சோற்றுப் பானையில் விழுவதையோ, மேட்டின் அடியிலேயே நம் லைன்கள் இருப்பதையோ அவர்கள் கேட்பதில்லை. ஒருவன் எம்மை நிறுத்தி, "இங்கே பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது?" என்றான். சினம் மேலிட்டது. அடுத்த நொடியே அந்த வணிக வளாகத்து வாயில் நினைவுக்கு வர, சினம் கொள்ளும் தகுதி எமக்கு உண்டா என்ற ஐயம் எழுந்தது. வழி கேட்டவனுக்கு வழி சொல்லி அனுப்பினோம்.

காண்பதே குற்றம் என்று யாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் துறவிகள் உண்டு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உழைத்துக் களைத்த குடும்பம் ஆண்டில் ஒருநாள் பெருநகரின் ஒளியிலே நடப்பது அதற்கு உரிய ஓய்வு. அந்த ஒளியைத் துடைத்து வைப்பவரும், தட்டைக் கழுவுபவரும், வாயிலில் நிற்பவரும் நம் வண்டியில் வந்தவர்களே ஆகும்போது, அவர்களைக் காணாமல் நகரைக் கண்டோம் என்று சொல்ல வாய் வருமா என்பதே எம் வினா. ஒரு தலையசைப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வரிசையில் பின்னால் நிற்பவர் பொறுத்துக்கொள்வார்.

சென்ற ஆகஸ்டு மலர்க் கண்காட்சிக்கு மாமாவையும் உடன் வருமாறு அழைத்தோம். வேலையை விட்டுவிட்டார், மூச்சு வாங்குகிறது. முதலில் மறுத்தார், பின் வந்தார். கண்ணாடி மாளிகையில் கூட்டம் மிகுதி. பாறையின்மேல் அவர் மெல்ல ஏற இருபது நிமிடம் ஆயிற்று. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். உச்சியை அடையுமுன்பே ஓரிடத்தில் நின்று, செருப்பைக் கழற்றி, அமர்ந்து, உள்ளங்கையால் கல்லைத் தட்டினார்.

"இதுல எத்தனை அடி எறங்கியிருக்காங்க?" என்று கேட்டார்.

"யாரும் எறங்கல தாத்தா" என்றாள் மகள்.

அவர் நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தார். மாலை வண்டிக்கு நேரமாயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எழவில்லை.