உப்புநீரில் எரியும் விளக்கு



எமது முல்லைத்தீவு மாவட்டத்திலே நந்திக்கடலோரம் அமைந்த சிறு கிராமம் வற்றாப்பளை. மதுரையை எரித்த சினத்தோடு ஈழம் வந்த கண்ணகித் தாய் தங்கிய பத்தாவது இடமாதலால் ‘பத்தாப்பளை’ என வழங்கி, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பர் பெரியோர்.

அங்கே அன்னை முதலில் தோன்றியது யாருக்கு? மாடு மேய்த்த சிறுவர்களுக்கு. மூதாட்டியாய் வந்து பசி என்றாள். பிள்ளைகள் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், பார்த்தவர்கள் கண்டதோ ஆயிரம் கண்கள்! வைகாசியில் மீண்டும் வருவேன் என்று சொல்லி மறைந்தாள்.

அந்த வாக்கைத்தான் இன்றும் ஊர் காத்து நிற்கின்றது. பாக்குத்தெண்டலோடு கிரியைகள் தொடங்குகின்றன. அடுத்த திங்களில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கப்படும். முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்த நீரிலே ஏழு நாள் விளக்கெரியும். பின்னர் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்குச் செல்ல, திங்கள் இரவு பொங்கல். தீர்த்தமெடுப்பவர், பண்டம் சுமப்பவர், பறை முழக்குபவர் எல்லோருக்கும் பரம்பரைக் கடமை உண்டு. நான் உத்தியோக காலமெல்லாம் கோவைகளோடு கிடந்தவன். நியமனக் கடிதமோ சம்பளமோ இன்றி இத்தனை ஒழுங்காக நடக்கும் வேறு காரியத்தை நான் அறியேன்.

அதே கடல் 2004 மார்கழி 26 இல் முல்லைத்தீவுக் கரையில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று! 2009 வைகாசியில் போர் முடிந்ததும் அதே நந்திக்கடலோரத்தில்தான். எஞ்சிய சனம் வவுனியா முகாம்களில் கிடந்தது. பின்னர் மீளக்குடியமர்ந்தவர்கள் வீட்டுக் கூரைக்குத் தகரம் தேடிக்கொண்டே பொங்கலுக்கும் நேர்ந்தார்கள். பிள்ளையைப் பறித்த கடலின் நீரையே விளக்கில் வார்த்துக் கும்பிட்ட தாய்மாரின் மனத்தை எந்தச் சாத்திரத்தைக் கொண்டு விளக்குவது? அம்மாளுக்கு மட்டுமே அது தெரியும்.

இன்று எம்மைப் போன்ற சிற்றூர்க் கோயில்களுக்கு வேறொரு சோதனை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தாராளமாக அனுப்புகிறார்கள். மதில் எழும்புகின்றது, மணிக்கூடு வருகின்றது, வண்ணம் பூசப்படுகின்றது. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், அந்தப் பணத்தில் வியர்வை உண்டு. ஆனால் சுவாமி காவத் தோள் காணாது. சென்ற திருவிழாவில் அறுபது தாண்டிய நாங்கள் இருபக்கமும் மாறிமாறிக் கொடுத்தோம். ஊரில் நிற்கும் இளைஞரோ வீதியோரம் நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள்! தம்பிமாரே, அன்னை அந்தச் சிறுவரிடம் கேட்டது காசல்ல, ஒரு பானைப் பொங்கலும் கொஞ்ச நேரமும்தான்.

கொடியேற்றத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிய, மடத்தில் வேலை பிரிக்க இருக்கின்றோம். சுவாமி காவவும், தண்ணீர்ப்பந்தலில் நிற்கவும், அன்னதானக் கிடாரம் கழுவவும் ஆட்கள் தேவை. கிடாரத்துக்கு இதுவரை ஒருவரும் பெயர் தரவில்லை.