வீட்டில் திறக்கும் வேதம்

திருவனந்தபுரத்தில் லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியம் 1838ஆம் ஆண்டில் ஆரம்பமானது. மிஷனெரிகள் பள்ளிகளைத் திறந்து, பிள்ளைகளுக்கு வேதத்தைப் போதித்தார்கள். ஆனால் வீட்டில் வேதத்தைத் திறக்கவேண்டியவர்கள் பெற்றோரே. உபாகமம் 6:7 இப்பொறுப்பை ஓய்வு, பயணம், உறக்கம், விழிப்பு ஆகிய அன்றாட வேளைகளோடு இணைக்கிறது.

பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கையில் தாவீதின் சரித்திரத்தைச் சொல்லலாம். குடும்ப ஜெபத்தில் பிள்ளையே வாசிக்கட்டும். அதன் கேள்விக்குப் பெற்றோர் பொறுமையாய்ப் பதில் தேடட்டும்.

தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். ஆயினும் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனுக்குள்ளும் வேரூன்றியது (2 தீமோ. 1:5). லீஸ்திராவைவிட்டுப் பவுலோடு புறப்பட்டபோது, சிறுவயதில் அறிந்த வேதம் அவனோடு சென்றது.

படிப்புக்கும் வேலைக்கும் தூரதேசம் செல்லும் பிள்ளைகளோடு இன்று எது செல்லும்? கர்த்தர்தாமே ஒவ்வொரு வீட்டிலும் தம்முடைய வசனத்தை நிலைநாட்டுவாராக!