ஓசையின்மை நலம் ஆகுமா?

முறையிடாதவன் குறையற்றவனா என்பது பழைய கேள்வி. அதற்கு விடை தேடி நான் நூல்களிடம் செல்லவில்லை. எங்கள் தோட்டத்துப் பழைய பஸ்ஸின் எஞ்சினுக்குள் தலையை நுழைத்தபோது அது தானாகவே என்முன் வந்து நின்றது. கணக்கெழுதும் கிராணிக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடியுமுன் மருந்தடிக்கும் பெண்களைத் தொலைவிலுள்ள செம்பனைக் காடுகளில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வது எங்கள் டீசல் பஸ். ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு; வயதோ என் வயதுக்குக் குறையாது. அதனை ஓட்டும் பெரியவர்தாம் அதற்கு வைத்தியரும் ஆவார். இவ்வாண்டு அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்கும் காலம் வந்தபோது, தகட்டில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்க அவரால் இயலவில்லை. “கிராணி ஐயா, இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணைக் கொஞ்சம் கடன் கொடுங்கள்” என்றார். மறுக்க மனம் வரவில்லை. உள்ளூரச் சிறிது பெருமையும் இருந்தது என்பதை ஒளிப்பானேன்?

நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். ருடால்ப் டீசல் என்பார் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுற ஓட்டிக் காட்டினார் என்பதும், தீப்பொறி இல்லாமலே காற்றை நெருக்கி அந்தச் சூட்டினால் எண்ணெயை எரியச் செய்வதே அதன் சூட்சுமம் என்பதும், அவர் 1913-இல் இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலிருந்து இரவோடிரவாக மறைந்துபோனார் என்பதும் எனக்கு மனப்பாடம். ஆயினும் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் நட்டு தளரும் என்பதற்கு ஒரு கணம் தயங்கி நின்றேன். பெரியவர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றினோம். முன்புறத்து நட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டி அவர் மெல்லச் சுற்ற, நான் ஆறாவது சிலிண்டரைக் கவனித்தேன். அதன் இரு வால்வுகளும் தராசுத் தட்டுகளைப் போல, ஒன்று மூடி முடியும்போது மற்றொன்று திறக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் முதல் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடி ஓய்ந்திருக்கும். அப்போதுதான் அவற்றைத் தொடலாம். பிறகு ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்று எரியும் வரிசையிலேயே செல்லவேண்டும். காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் என்று அட்டையில் கண்டிருந்தது. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, அளவுத் தகட்டை இடையில் நுழைத்து, அது சற்றே உரசிக்கொண்டு நகரும் பதம் வந்ததும் நட்டை இறுக்கவேண்டும். எழுதும்போது எளிது. நட்டை இறுக்கும்போது திருகும் உடன் திரும்பிவிடும்; பதம் போய்விடும்; மறுபடி முதலிலிருந்து. முதல் வால்வுக்கே அரைமணி நேரம் ஆயிற்று.

இந்த எஞ்சின் எழுப்பும் ‘கடகட’ ஓசை பல மாதங்களாக என் அலுவலகச் சன்னல் வரை வந்து என்னை எரிச்சலூட்டியதுண்டு. அந்த ஓசைக்கு இடைவெளியே காரணம் என்று அறிந்தபின், அதனைக் குறைத்துவிட்டால் நல்லதுதானே என்று எண்ணினேன். பெரியவரிடம் சொல்லாமலே, தகட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கவேண்டிய அளவுக்கு மூன்று சிலிண்டர்களை இறுக்கி வைத்தேன். நான்காவதற்குப் போகுமுன் அவர் தகட்டை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பார்த்தார்.

“ஐயா, சத்தம் போடுகிற வால்வுக்கு நான் பயப்படுவதில்லை. அது தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. சத்தமே போடாத வால்வுதான் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்” என்றார்.

நான் படித்த பாடம் அப்போதுதான் எனக்குப் பொருள்பட்டது. எஃகு சூட்டில் நீளும்; ஒரு மீட்டர் எஃகு 100 பாகை சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். புகை வால்வோ பல நூறு பாகைச் சூட்டில் நிற்பது. நிமிடத்திற்கு 2,000 சுற்று எஞ்சின் சுற்றினால், ஒவ்வொரு வால்வும் 1,000 முறை திறந்து மூடுகிறது. மூடித் தன் இருக்கையில் பதியும் அந்தச் சிறு பொழுதில்தான் அது தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கி வைக்கிறது. நீள்வதற்கு இடம் விடாமல் இறுக்கிவிட்டால், அது முழுதும் பதியமாட்டாது. இளைப்பாற இருக்கையின்றி நிற்கும். பதியாத விளிம்பின் வழியே எரியும் வாயு பீறிட்டு அவ்விளிம்பையே தின்னும். இத்தனையும் ஓசையின்றி நடக்கும். வண்டி மேட்டில் ஏறமாட்டாமல் திணறும் நாளில்தான் வெளியே தெரியும். அன்று வால்வு போயிருக்கும்.

மூன்று சிலிண்டர்களையும் மீண்டும் தளர்த்தினேன். பொழுது சாயும்போது பன்னிரண்டும் முடிந்தன.

நிற்க. எங்கள் அலுவலகத்தில் புகார்ப் புத்தகம் ஒன்று உண்டு. அது என் பொறுப்பு. மாதக் கடைசியில் ‘புகார் இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிடுவேன். வெற்றுப் பக்கங்களைக் கண்டு மேலிடத்தார் மகிழ்வர், நானும் மகிழ்ந்ததுண்டு. ஆனால் அப்பக்கங்கள் வெறுமையானதற்கு ஒரு வரலாறு இருந்தது. மூன்றாண்டுகளுக்குமுன் மருந்தடிக்கும் அம்மாள் ஒருவர், கையுறை கிழிந்துவிட்டது என்று வந்து சொன்னார். அடுத்த வாரமே அவர் பெயர் யாரும் விரும்பாத தூரத்துக் காட்டுப் பட்டியலில் ஏறிற்று. ஆணை மேலிருந்து வந்தது. பெயரை எழுதிய பேனா என்னுடையது. அதன்பின் கையுறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையுறைகள் நன்றாக இருக்கின்றன போலும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். என்னே என் அறிவு!

இது என் ஒருவனுடைய பேதைமை மட்டுமன்று. தோட்டத்து மருந்தடிப்புப் பெண்களைப் பற்றித் தெனாகானித்தா என்னும் அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, நஞ்சூட்டப்பட்டதையும் வாயடைக்கப்பட்டதையும் ஒருசேரத் தன் தலைப்பிலேயே சொன்னது. பராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு அதே ஆண்டில் மலேசிய அரசு விதித்த தடை 2006-இல் தளர்த்தப்பட்டு, 2020-ஆம் ஆண்டில்தான் முழுத் தடையாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனைப் புத்தகங்களில் எத்தனைக் கிராணிகள் என்னைப் போல் கையொப்பமிட்டிருப்பரோ!

நம் மக்கள் பொறுமைசாலிகள் என்று மேடைகளில் புகழ்கின்றனர். அப்புகழ்ச்சியை இனி என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பேசுவதற்கு இடம் விட்டபின் ஒருவன் பேசாதிருந்தால் அது பொறுமை. இடமே விடாமல் இறுக்கியபின் எழும் மௌனத்திற்குப் பொறுமை என்று பெயரிடுவது, எரிகின்ற வால்வை அமைதியானது என்று பாராட்டுவது போலாகும். ஓசையெல்லாம் உண்மையா என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. இடைவெளி மிகுந்தாலும் தீங்குதான். வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும், அடிபட்டுத் தேயும். காரணமின்றி ஓயாது குறை கூறுவோரும் நம்மிடையே உளர். ஆனால் அந்த ஓசையைக் காதால் கேட்டு அளந்து திருத்தலாம். கேளாத ஒன்றை எதைக்கொண்டு அளப்பது?

திங்கட்கிழமை விடியுமுன் பஸ் கிளம்புவதைக் காணச் சென்றேன். எஞ்சின் மெல்லிய ‘டக் டக்’ ஓசையுடன் ஓடிற்று. பெரியவர் தலையை அசைத்தார். பெண்கள் ஒவ்வொருவராகப் படியில் ஏறினர். கைப்பிடிக் கம்பியைப் பற்றிய கைகளை அன்றுதான் பார்த்தேன். கையுறையின் கிழிந்த விரல்களுக்கு மேல் பழஞ்சேலைத் துணியைச் சுற்றியிருந்தார்கள். சிலருடைய நகங்கள் கறுத்திருந்தன.

மறுநாள் பெரட்டுக்குப் புகார்ப் புத்தகத்தைக் கையிலேயே எடுத்துச் சென்றேன். குறை இருந்தால் சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, மூன்றாண்டுகளுக்குமுன் வந்த அதே அம்மாள் முன்னே வந்தார்.

“எழுதுங்கள், ஐயா. எழுதின பிறகு எங்களை எந்தக் காட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்” என்றார்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.