உறைமோரும் உடைமையும்

தயிருக்கு உறைமோர் இல்லாத இரவில், ஈசூன் அடுக்குமாடி வீட்டிலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாம். ஒரு கரண்டி மோருக்கு விலை பேசுவார் எவருமிலர். கொடுத்தவர்க்கு அதனால் குறைவுமில்லை. இவ்வெளிய வழக்கத்தை வேறொரு பொருளுக்குப் பொருத்தும்போது சிக்கல் பிறக்கின்றது.

சிங்கப்பூரில் ஒரு குடும்பம் தன் பயனுக்காக, விற்பனை நோக்கமின்றி, மாதத்திற்கு 30 லிட்டர் வரை பீர் போன்ற நொதித்த பானங்களை வீட்டில் செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. சாராயம் வடிப்பதற்கு இடமில்லை. அவ்வாறு செய்வோருள் சிலர் ஈஸ்டைத் தனியே வாங்குவதில்லை. வடிகட்டப்படாமல், புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதிக்கவிடப்பட்ட பீரின் அடியில் வெளிறிய மண்டி படிந்திருக்கும். அதில் ஈஸ்ட் உயிரோடு உறங்குகின்றது. முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றி, சிறிதளவில் அம்மண்டியை இட்டால் சில நாளில் நுரை எழும். பின்னர்ச் சாற்றைப் படிப்படியாகக் கூட்டுவர். கலம் தூய்மையாக இராவிடில் வேறு கிருமிகள் குடியேறிவிடும். இவ்வூர் வெப்பத்தில் அதற்கு நெடுநேரம் வேண்டா.

ஈண்டு எழும் வினா குடியைப் பற்றியதன்று. குடி, திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு உரியது. இவ்வினாவோ கள்ளாமைக்கு உரியது. (பெயரொலியால் இவ்விரு அதிகாரங்களிடையே மயங்கும் மாணவர் உண்டு.) ஒரு நிறுவனம் பல்லாண்டு பேணிய ஈஸ்டை, ஒரு புட்டிக்கு மட்டும் விலை கொடுத்தவர் பெருக்கிக்கொள்வது களவாகுமா?

தேங்காய் வாங்கியவன் அதனை முளைக்கவைத்தால் தோப்புக்காரன் வழக்காடுவதில்லை என்பர் ஒரு சாரார். வலிய வாதமே. ஆயின் தென்னையைத் தோப்புக்காரன் படைக்கவில்லை; ஈஸ்டைத் தேர்ந்து பிரித்தவர்க்கோ உழைப்பு உண்டு. 1873-ஆம் ஆண்டில் நோய்க்கிருமி நீங்கிய ஈஸ்டுக்கு லூயி பாஸ்டர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1980-இல் ஆனந்த மோகன் சக்கரவர்த்தியின் வழக்கில், மனிதன் மாற்றியமைத்த நுண்ணுயிருக்கும் காப்புரிமை உண்டென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் ஈஸ்டின் வரலாறு பெரிதும் கொடையின் வரலாறே. 1845-இல் டென்மார்க்கின் ஜேக்கப்சன், மியூனிக் நகரின் ஸ்பாட்டன் ஆலையிலிருந்து பெற்ற ஈஸ்டைக் குதிரைவண்டிப் பயணத்தில் குளிர்நீரால் காத்துக் கோபன்ஹேகன் சேர்த்தார். அவர் நிறுவிய கார்ல்ஸ்பர்க் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தார். அதனை அவ்வாலை பூட்டி வைக்கவில்லை, போட்டியாளர்க்கும் வழங்கியது. பெல்ஜியத்திலோ, வெஸ்ட்மாலே மடத்தின் ஈஸ்டைக் கொண்டே வெஸ்ட்விளெட்டரன் மடத்துத் துறவியர் பீர் செய்கின்றனர். அவர்தம் புட்டியின் மண்டியை எடுப்பவர், ஒருவர் மற்றொருவர்க்கு ஈந்ததையே எடுக்கின்றார்.

காக்க விரும்பும் ஆலைக்கும் வழியுண்டு. பீரை வடிகட்டிவிடலாம்; புட்டியில் அடைக்கையில் வேறு ஈஸ்டைச் சேர்க்கலாம். அவ்வாறு செய்வாரைக் குறை கூறுதற்கில்லை. அவ்வாறு செய்யாது மண்டியோடு விற்றவரிடமிருந்து அதனை எடுத்தல் வஞ்சனையன்று; வஞ்சித்துக் கொள்வதையன்றோ வள்ளுவர் களவென்கின்றார்! குற்றம் வேறிடத்தில் தோன்றலாம். தாம் விலையின்றிப் பெற்றதை அயலார் ஒரு குப்பி கேட்கையில் மறுப்பது ஒன்று. தம் பானத்திற்கு மடத்தின் பெயரைச் சூட்டுவது மற்றொன்று. பன்முறை பெருக்கிய ஈஸ்ட் தன் இயல்பில் மாறத் தொடங்கிவிடும். ஓராண்டு கழித்து அந்த ஈசூன் சமையலறைக் குப்பியில் இருப்பது துறவியர் ஈந்த அதே ஈஸ்ட் என்று எவரும் உறுதி கூறவியலாது.